லிஃப்டில் கேட்ட அசரீரி

குழந்தைகள் ஆஸ்பத்திரியின் இடதுபக்க லிஃப்டில் அசரீரி கேட்கிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது. கிளம்பிய வேகத்தில் அதற்குக் கண், காது, மூக்கு எல்லாம் முளைத்து, இப்போது யார் துணையும் இல்லாமல் தானே தெருவில் நடமாடிக்கொண்டிருக்கிறது. லிஃப்ட் பாதி வழியில் நின்றதாம். விளக்கு அணைந்ததாம். உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு தாய், "என் புள்ள பொழைக்குமா?" என்று வாய்விட்டுக் கேட்டாளாம். மேலேயிருந்து ஒரு குரல், "பிடிச்சுக்கும்" என்றதாம். மருந்துக்கடை வரிசையில் சொல்கிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பஸ் நிறுத்தத்தில் குரலோடு ஒரு வெளிச்சமும் சேர்ந்துகொள்கிறது. சலூனில் வாசனையும் உண்டு.

விளைவு, வலதுபக்க லிஃப்ட் ஈயோட்டுகிறது. இடதுபக்க லிஃப்டில் கால் வைக்க இடமில்லை. முதல் மாடியில் ஊசி போட வந்தவர்கள்கூடக் கடைசி மாடி வரை போய், காதைத் தீட்டிக்கொண்டு நின்றுவிட்டு, ஒன்றும் கேட்காத ஏமாற்றத்தோடு இறங்குகிறார்கள். வாசலில் நிற்கும் வாட்ச்மேன்தான் பாவம். "எறங்குங்க, எறங்குங்க. சாமிக்கு இன்னைக்கு லீவு" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டுவிட்டது அவருக்கு.

உண்மை என்ன என்று விசாரிக்கப் போனால், வதந்திக்காரர்கள் இந்த ஒருமுறை அவ்வளவாகப் பொய் சொல்லவில்லை என்று தெரியவருகிறது. லிஃப்ட் நின்றது நிஜம். விளக்கு அணைந்தது நிஜம். தாய் கேட்டதும், மேலேயிருந்து பதில் வந்ததும் நிஜம். வாசனைகூட நிஜம்தான். அது கிரீஸ் வாசனை.

குரலுக்குச் சொந்தக்காரர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவர் பம்பரம். சாப்பிடும்போது நிற்பார், நிற்க வேண்டிய இடத்தில் நடப்பார், நடக்கும்போது எதையாவது திருகிக்கொண்டே போவார். அவருடைய கல்யாண போட்டோவில் மணப்பெண் தெளிவாக இருக்கிறாள், பின்னால் நிற்கும் உறவுக்கூட்டம் தெளிவாக இருக்கிறது, மாப்பிள்ளை இருக்கவேண்டிய இடத்தில் புகை மாதிரி ஏதோ இருக்கிறது. போட்டோக்காரர் மூன்று முறை எடுத்துப் பார்த்துவிட்டு, "விடுங்க, ஆள் யாருன்னுதான் எல்லாருக்கும் தெரியுமே" என்று போய்விட்டாராம்.

அவருக்கு வாய்த்த மனைவிக்குத் தொழில், பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை உட்கார வைப்பது. அதிர்ந்து பேசமாட்டாள். ஒரு பார்வை பார்த்தால் வேன் முழுக்க உட்கார்ந்துவிடும். வீட்டில் அந்தப் பார்வை செல்லுபடியாகவில்லை.

பம்பரத்தின் பிழைப்பே பெட்டிகளுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது. தொழிலுக்கு வந்த புதிதில் அவருடைய முதலாளி கற்றுக்கொடுத்த முதல் பாடம் திருப்புளி பிடிப்பது அல்ல, பேசுவது. "உள்ள இருக்கறவனுக்கு முதல்ல தேவை குரல். வயித்துலேர்ந்து பேசு. நிதானமா பேசு. கோளாறு என்னன்னு அப்புறம் பார்த்துக்கலாம்." அப்படிப் பிறந்ததுதான் பம்பரத்தின் வேலைக் குரல். வீட்டில் கீச்சுக் கீச்சென்று பாதி வாக்கியம் பேசும் மனிதர், லிஃப்ட் குழிக்குள் தலையை விட்டால் வேறு ஆள். "பயப்படாதீங்க. மூச்சை நிதானமா விடுங்க. விழாது. பிடிச்சுக்கும்."

எல்லா வேலையிலும் இந்த நாலு வாக்கியம்தான், இதே வரிசையில்தான். கடைசி வார்த்தைக்கு அர்த்தம் உண்டு. லிஃப்ட் பெட்டியின் அடியில் இரண்டு பக்கமும் தாடை மாதிரி இரும்பு இருக்கிறது. கயிறு அறுந்து பெட்டி வேகமெடுத்தால் அந்தத் தாடை, குழிச் சுவரோடு ஓடும் தண்டவாளத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதைச் சொல்லும் நேரத்தில் பம்பரத்துக்குக் கோளாறு என்னவென்றே தெரிந்திருக்காது. தெரிந்துகொள்ளக் கொஞ்சம் அவகாசம் வேண்டும்; அந்த அவகாசத்தை வாங்கத்தான் நாலு வாக்கியமும்.

இப்படியிருக்க, அவருக்கு ஒரு பையன் பிறந்தான். அப்பன் புத்தி அப்படியே இருந்தது. டாக்டர் சொன்ன தேதிக்கு வெகு முன்னாலேயே கிளம்பி வந்துவிட்டான். வந்தவனை நாலாவது மாடியில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டார்கள். மூக்கில் குழாய், பாதத்தில் ஒயர், தலைமாட்டில் எண்கள் ஓடும் மெஷின். பம்பரம் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூடி எப்படிப் பூட்டுகிறது, கீல் எங்கே இருக்கிறது, எல்லாம் பார்த்தாயிற்று. எத்தனையோ பெட்டிகளைத் திறந்த கை, இதன்மேல் வெறுமனே படிந்து கிடந்தது.

"மூச்சு விட மறந்துடறான்" என்றாள் தலைமை நர்ஸ், கழுத்துக் கயிற்றில் தொங்கிய மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி.

"மறந்துடறானா? அதை யாராவது மறப்பாங்களா சிஸ்டர்?"

"அவசரமா வந்த புள்ளைங்க மறக்கும். இன்னும் பழகலை இல்லையா. பாதத்தைத் தட்டினா ஞாபகம் வந்துடும். பாருங்க." மெஷின் கூவியது. அவள் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு விரலால் பாதத்தைச் சுண்டினாள். பையன் சலித்துக்கொள்வது போல் முகத்தைச் சுளித்து, மூச்சு விட்டான்.

"பழகிடுமா?"

"பிடிச்சுக்கும்" என்றாள் நர்ஸ்.

வேறு எந்த அப்பாவாக இருந்தாலும் அந்த வார்த்தையில் கொஞ்சம் நெஞ்சு குளிர்ந்திருக்கும். பம்பரம் குரலைக் கவனித்தார். குரல் வயிற்றிலிருந்து வந்தது, நிதானமாக வந்தது, அப்படியென்றால் இந்த அம்மாவுக்கும் கோளாறு என்னவென்று தெரியாது. அவகாசம் வாங்குகிறாள். தன் சரக்கைத் தனக்கே விற்க வந்துவிட்டாளே என்று அவருக்கு வேர்த்தது. மிட்டாய் செய்கிறவன் மிட்டாயைத் தொடாத கதைதான். ஆறுதல் எதில் எவ்வளவு கலந்து செய்வது என்பது அவருக்கு அத்துப்படி.

அன்று முதல் அவருக்கு ஆஸ்பத்திரியில் இருப்புக் கொள்ளவில்லை. யார் என்ன சொன்னாலும் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். "முன்னேற்றம் இருக்கு" என்று டாக்டர் சொன்னால், "எதுலேர்ந்து எதுக்கு?" என்று கேட்டார். "தைரியமா இருங்க" என்றால், "ஏன், என்ன ஆச்சு?" என்றார். நாலாவது மாடி நடையில் நடந்து நடந்து, எந்தத் தரைக்கல் ஆடுகிறது என்பது மனப்பாடமாகியது. தண்ணீர்க் குழாயின் சொட்டை நிறுத்தினார். நாற்காலிகளைத் தலைகீழாகக் கவிழ்த்து, திருகாணிகளை இறுக்கினார். உட்காரத்தான் இல்லை.

நடையில் இன்னொரு தாய் உண்டு. அடுத்த பெட்டியில் இருக்கும் பெண் குழந்தையின் அம்மா. எதிரில் வருகிறவர்களுக்கெல்லாம் பையிலிருந்து பிஸ்கட் எடுத்து நீட்டுவாள் என்பதால் பிஸ்கட் அக்கா. "தம்பி, நீங்க நடக்கற நடைக்கு எனக்குக் கால் வலிக்குது. ஒரு பிஸ்கட் சாப்பிடுங்க, உட்கார்ந்து" என்பாள். அவர் பிஸ்கட்டை வாங்கிக்கொள்வார். 'உட்கார்ந்து' என்பதை அவளிடமே விட்டுவிடுவார்.

ஒருநாள் காலையில் பையனின் மூக்குக் குழாயை எடுத்துப் பார்த்தார்கள். குழாய் இல்லாமல் தானாக மூச்சு விட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. பையன் கொஞ்ச நேரம் விட்டான். பிறகு மறந்தான். தட்டினார்கள், விட்டான். மறுபடி மறந்தான், இந்த முறை தட்டியும் உடனே ஞாபகம் வரவில்லை, உதடு நீலம் பாரித்தது. குழாயைத் திரும்பப் போட்டார்கள். "ரெண்டு மூணு நாள் போகட்டும், மறுபடி பார்க்கலாம்" என்றார் டாக்டர். பம்பரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நாலு வாக்கியத்தில் ஒன்றுகூட டாக்டர் வாயிலிருந்து வரவில்லை. வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம் என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

அன்று மத்தியானம்தான் இடதுபக்க லிஃப்ட், மூன்றாவது மாடிக்குச் சற்று மேலே ஏறி நின்றுபோனது. உள்ளேயிருந்து மணி அலறியது. வாட்ச்மேன் போனோடு ஓடிவந்தார்.

"லிஃப்ட் கம்பெனி ஆளு வந்துட்டிருக்காராம். வழியில டிராஃபிக்காம்."

"அதுவரைக்கும்?" என்றார் பம்பரம்.

"அதுவரைக்கும் சாமிதான்."

"மோட்டார் ரூம் எங்க?"

"மொட்டை மாடியில. சாவி என்கிட்டதான் இருக்கு. ஆனா வெளியாளுங்களைத் தொட விடக்கூடாது, சார்."

"நான் தொடலை. நீங்க போய் மெயினை அணைங்க. அணைச்சிட்டு போன்ல சொல்லுங்க."

மெயின் அணைந்தது என்று தகவல் வந்ததும், பம்பரம் பையிலிருந்து லிஃப்ட் கதவுகளைத் திறக்கும் முக்கோணச் சாவியை எடுத்தார். வீட்டுச் சாவியை மறந்தாலும் அதை மறக்கமாட்டார். நாலாவது மாடிக் கதவை விலக்கினால், பெட்டியின் கூரை காலடிக்குக் கீழே இருட்டில் தெரிந்தது. தரையில் குப்புறப் படுத்து, குழிக்குள் தலையை விட்டார். கூரையின் காற்றோட்டத் துளைக்கு நேராக வாயைக் கொண்டுபோனார். உள்ளே யாரோ ஏதோ சொல்லும் சத்தம் மட்டும் கேட்டது. என்ன என்று புரியவில்லை. அதைப் பற்றி அவருக்குக் கவலையும் இல்லை. உள்ளே இருப்பவர்கள் எதைச் சொன்னாலும் இவர் சொல்லப்போவது ஒன்றுதான்.

வேலைக் குரல் தானாக வந்தது. காலையிலிருந்து நடுங்கிக்கொண்டிருந்த மனிதருக்கு அது எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "பயப்படாதீங்க. மூச்சை நிதானமா விடுங்க. விழாது." கொஞ்சம் இடைவெளி விட்டார், எப்போதும் விடுவது போல. "பிடிச்சுக்கும்."

பிறகு மொட்டை மாடிக்கு ஓடி, பிரேக்கைக் கையால் தளர்த்தி, பெட்டியை மெல்ல மெல்ல மூன்றாவது மாடிக்கு இறக்கினார். படியில் தாவி இறங்கி வந்து கதவைத் திறந்தார். முதலில் பிஸ்கட் அக்கா வெளியே வந்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டே. பின்னால் அவர் மனைவி வந்தாள். இரண்டாவது மாடித் தாய்மார் வார்டிலிருந்து பிள்ளைக்குப் பால் எடுத்துப் போய்க்கொண்டிருந்தவள். மூடி போட்ட சின்னக் கிண்ணம் கையில் அப்படியே இருந்தது.

பம்பரம் திறந்த கதவை விடாமல் பிடித்துக்கொண்டார். "நீயா உள்ள இருந்த?"

"ம்."

"பயந்துட்டியா?"

"பால் ஆறிடும். வழி விடுங்க" என்று படியேறிப் போய்விட்டாள்.

அதற்குள் பிஸ்கட் அக்கா மூன்றாவது மாடி முழுவதற்கும் செய்தியை விநியோகிக்கத் தொடங்கியிருந்தாள். "வாயே திறக்காத பொண்ணுங்க அது. இருட்டுல திடீர்னு கேக்குது, 'என் புள்ள பொழைக்குமா'ன்னு. யாரைக் கேக்குதுன்னு நான் திரும்பிப் பார்க்கறேன். மேலேர்ந்து வருது பதில். என் உடம்பு சிலிர்த்துப் போச்சு, தொட்டுப் பாருங்க."

பம்பரம் பக்கத்தில் போய், "அக்கா, அது நான்தான்" என்றார்.

பிஸ்கட் அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "போங்க தம்பி. உங்க குரல் கீச்சுன்னு இருக்கு. அது எங்க, இது எங்க. கிண்டல் பண்ண வேற நேரம் கிடைக்கலையா?"

அவர் அங்கேயே வேலைக் குரலைப் பேசிக் காட்ட முயன்றார். வரவில்லை. குழிக்குள் தலை இருந்தால்தான் அது வரும். சுற்றி நின்றவர்கள் இந்த ஆளுக்குப் பாவம், பிள்ளைக் கவலையில் என்னவோ ஆகிவிட்டது என்பது போலப் பார்த்தார்கள்.

நாலாவது மாடிக்குப் போனால், மனைவி கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். பல நாளாக இறுகிக் கிடந்த அவள் முகம் கொஞ்சம் இளகியிருந்தது. "பொழைச்சுக்குவான்" என்றாள்.

"யார் சொன்னது?"

"கேட்டேன். பதில் வந்துச்சு."

பம்பரத்துக்கு நெருப்பின்மேல் நிற்பது போல் இருந்தது. சொல்லாமல் விட்டால் ஏமாற்று. சொன்னால் அந்த முகம் மறுபடி இறுகிவிடும். நடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். ஆடும் தரைக்கல்லை இரண்டு தடவை மிதித்தார். வெயில் சாய்ந்து ஜன்னல் நிழல் எதிர்ச் சுவரில் ஏறியபோது, திரும்பி வந்து ஒரே மூச்சில் கொட்டினார்.

"ஏம்மா, அது நான் பேசினது. லிஃப்ட் மேலேர்ந்து."

"தெரியும்."

"தெரியுமா?"

"உங்க குரல் எனக்குத் தெரியாதா? வீட்டுல அப்படிப் பேசினதில்ல. ஆனாலும் தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா சாமின்னு சொல்ற?"

"நான் எப்ப சாமின்னு சொன்னேன்? அது அந்த அக்கா சொல்றது. பதில் வந்துச்சுன்னுதான் நான் சொன்னேன்."

"அது பதில் இல்லம்மா. நின்னுபோன எல்லா பெட்டிக்கும் அதேதான் சொல்வேன். என்ன ஏதுன்னு தெரியாமலே சொல்றது. ஒரு விதத்துல பொய்தான்."

"அப்ப அது பிடிக்காதா?"

"பிடிக்கும். அதுக்குத்தானே வெச்சிருக்கு."

"கயிறு அறுந்து, பெட்டி விழுந்து, அது பிடிச்சதை நீங்க பார்த்திருக்கீங்களா?"

பம்பரம் யோசித்தார். இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. "கயிறு அறுந்தே பார்த்ததில்ல."

"பார்க்காத ஒண்ணை நம்பித் தினமும் அத்தனை பேருக்குச் சொல்றீங்க. அவங்களும் நம்பி நிக்கறாங்க. இதுல பொய் எங்க வந்துச்சு?"

"சோதனை போட்டுப் பார்த்திருக்கோம்ல."

"எங்களுக்கும் இப்ப சோதனைதான்" என்றாள் அவள்.

அவள் விடவில்லை. "உள்ள இருக்கறது நான்தான்னு தெரிஞ்சிருந்தா அப்படிச் சொல்லியிருப்பீங்களா?"

உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. "கத்தியிருப்பேன்."

"அதான். யார்னு தெரியாததாலதான் சொல்ல முடிஞ்சுது. உங்க வாயிலேர்ந்து அந்த நேரத்துல அது வந்துச்சு பாருங்க, அது எனக்குப் போதும்." பிறகு, பிள்ளைகள் இறங்கிய பின் வேனின் கதவைச் சாத்துகிற தொனியில் சொன்னாள்: "ஒண்ணு வேண்டிக்கிட்டிருக்கேன். உங்க பேர்ல."

"என் பேர்லயா? என்னன்னு?"

"கீழ பிரார்த்தனை ரூம் இருக்கில்ல. அங்க நீங்க ஒரு மணி நேரம் சும்மா உட்காருவீங்கன்னு."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மா. எழுந்திருக்காம, எதையும் திருகாம."

"வேற எதுவும் தோணலையா உனக்கு? என்னைக் கேக்காம..."

"இருட்டுல வேற என்ன இருந்துச்சு குடுக்க? நம்மகிட்ட இருக்கறதுலயே பெருசு அதுதான்" என்றாள். அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் கணக்கு சரி என்றும் பட்டது. நகையோ உண்டியலோ என்றால் அவர் யோசிக்காமல் தலையாட்டியிருப்பார். இது வலிக்கிற இடம் பார்த்து வைத்த விரல்.

பிரார்த்தனை அறை தரைத்தளத்தில், எக்ஸ்ரே அறைக்கு அடுத்து. எல்லாச் சாமிக்கும் பொது என்பதால் எந்தச் சாமியும் இல்லாமல் வைத்திருந்தார்கள். ஒரு வெள்ளைச் சுவர், அதைப் பார்த்து சில நாற்காலிகள், தலைக்கு மேல் ஒரு மின்விசிறி. பம்பரம் மறுநாளே போய் உட்கார்ந்தார். சுவரைப் பார்த்தார். என்ன கேட்பது என்று தெரியவில்லை. அவன் மறக்காமல் இருக்கணும் என்று தொடங்கினார். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை டக் என்றது. மறக்காமல், டக். மூச்சு, டக். பேரிங் போயிருக்கிறது, இன்னும் கொஞ்ச நாளில் கழன்று விழும் என்று அவருக்குத் தெரிந்தது. கீழே உட்கார்ந்து கண்ணை மூடியிருப்பவர்களுக்குத் தெரியாது. எழுந்துவிட்டார்.

அடுத்த முறை வாட்ச்மேனைப் பிடித்து மின்விசிறியைச் சரிபண்ணவைத்துவிட்டு உட்கார்ந்தார். இப்போது சத்தமே இல்லை. அது இன்னும் மோசம். சத்தமில்லாத இடத்தில் நாலாவது மாடி மெஷின் கூவுவது காதுக்குள் கேட்டது. படிகளில் நாலு மாடி ஓடிப் போய்ப் பார்த்தார். பையன் தூங்கிக்கொண்டிருந்தான். மூன்றாவது முறை, பக்கத்து நாற்காலியில் ஒருவர் தேம்பித் தேம்பி அழுதார். பம்பரம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவருக்குத் தண்ணீர் கொண்டுவர எழுந்தார். "அது நல்ல காரியம்தானே" என்று மனைவியிடம் வாதாடினார். "நல்ல காரியம்தான். அதுக்கு வேற கணக்கு. இது முதல்லேர்ந்து" என்றாள்.

குழாயை மறுபடி எடுத்துப் பார்க்கும் நாள் வந்தது. அன்று பார்த்து மனைவிக்குக் காய்ச்சல். அவளைப் பிள்ளைக்குப் பக்கத்தில் விடவில்லை.

"சட்டையைக் கழட்டுங்க" என்றாள் தலைமை நர்ஸ் பம்பரத்திடம்.

"எதுக்கு சிஸ்டர்?"

"புள்ளையை நெஞ்சுல போட்டுப் பார்க்கலாம்னு டாக்டர் சொல்றார். அம்மா அப்பா நெஞ்சுச் சூட்டுல சில புள்ளைங்களுக்கு மூச்சு சீராகும். அம்மாவுக்குக் காய்ச்சல். இருக்கறது உங்க நெஞ்சுதான்."

பம்பரம் சட்டையைக் கழற்றினார். சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். "ஆடக் கூடாது. எழுந்திருக்கக் கூடாது" என்றாள் நர்ஸ்.

"சிஸ்டர், நான் வந்து..."

"தெரியும். இந்த மாடிக்கே தெரியும்."

பையனைத் தூக்கி வைத்தார்கள். அவருடைய பையிலிருக்கும் ஸ்பேனர்களைவிட லேசாக இருந்தான். ஒரு கன்னம் அவர் நெஞ்செலும்பில் ஒட்டிக்கொண்டது. கால்கள் தவளை மாதிரி மடங்கின. மேலே போர்வை. பிறகு குழாயை எடுத்தார்கள்.

மூச்சு வந்தது, போனது. எலிக்குஞ்சு அசைவது போல அது அவர் தோலில் தெரிந்தது. பம்பரத்தின் கால் கட்டைவிரல் துடித்தது, அடக்கினார். மூக்கு அரித்தது, விட்டுவிட்டார். எதிர்ச் சுவரில் ஒரு திருகாணி பாதி வெளியே வந்து நின்றுகொண்டு அவரைக் கேலி செய்தது. அதைப் பார்க்காமல் கண்ணை மூடினார். மூடிய கண்ணுக்குள் மூச்சு வந்தது, போனது, வந்தது.

வரவில்லை.

மெஷின் கூவியது. பம்பரம் எழப் பார்த்தார். "எழுந்திருக்காதீங்க" என்றாள் நர்ஸ், இரண்டடி தள்ளி நின்றபடி. "பக்கத்துலதான் இருக்கேன். முதுகைத் தடவுங்க. நீங்களே தடவுங்க."

அந்த முதுகில் இரண்டு விரலுக்கு மேல் இடமில்லை. தடவினார். ஒன்றுமில்லை. மறுபடி தடவினார். தலையைக் குனிந்தார், போர்வை இரண்டு பக்கமும் உயர்ந்து நின்றதில், அது ஒரு குழி மாதிரி இருந்தது. உள்ளே இருட்டு. குரல் வந்துவிட்டது.

"பயப்படாதீங்க" என்றார் பையனிடம். "மூச்சை நிதானமா விடுங்க."

பெற்ற பிள்ளைக்கு என்ன மரியாதை என்று நர்ஸுக்குச் சிரிப்பு வந்ததாம். பம்பரத்துக்கு அந்த வாக்கியத்தை வேறு விதமாகச் சொல்ல வராது. "விழாது" என்றார். வழக்கமான இடைவெளி வந்தது. வழக்கமாக அந்த இடைவெளியில் அவர் மனம் மோட்டார், ஃபியூஸ், கயிறு என்று ஓடிக்கொண்டிருக்கும். இப்போது ஓட இடமில்லை. யாரிடமும் அவகாசம் வாங்க வேண்டியதும் இல்லை. அவரே பெட்டி, அவரே தண்டவாளம். உள்ளே மாட்டியிருப்பவனை எடுக்க அவரிடம் இருந்தது ஒரு வார்த்தை. பார்க்காத ஒன்றைப் பற்றிய வார்த்தை. "பிடிச்சுக்கும்" என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்பது அவருக்கே நிச்சயமில்லை.

முதுகு விரலுக்கடியில் ஒருமுறை உயர்ந்தது. தாழ்ந்தது. மறுபடி உயர்ந்தது. மெஷின் கூவலை நிறுத்தியது.

அதற்குப் பிறகும் இரண்டு முறை மறந்தான். இரண்டு முறையும் தடவியதும் ஞாபகம் வந்தது. பிறகு மறக்கவில்லை. பம்பரம் அசையவே இல்லை. நர்ஸ் வந்து பார்த்தாள், டாக்டர் வந்து பார்த்தார், வாட்ச்மேன்கூட ஏதோ சாக்கில் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். காய்ச்சலோடு போர்வையைச் சுற்றிக்கொண்டு மேலே வந்த மனைவி, வெளியே நின்று பார்த்தாள். பிஸ்கட் அக்கா அவள் காதோரம், "என்னடி இது, மனுஷன் தூங்கிட்டாரா?" என்றாள்.

"பம்பரம் தூங்குது" என்றாள் மனைவி.

நல்ல சுழற்சியில் இருக்கும் பம்பரம் ஒரே இடத்தில் நிலைகுத்தி நிற்கும்போது பிள்ளைகள் சொல்வது அது. தொட்டுப் பார்த்தால்தான் சுற்றுவது தெரியும்.

குழாயை மறுபடி போடவில்லை. இன்னும் பல நாள் அங்கே இருந்தார்கள். பையன் எடை கூடி, பாலைத் தானே உறிஞ்சக் கற்றுக்கொண்டு, கடைசியில் வீட்டுக்கு வந்தான். வந்தபோது வலதுபக்க லிஃப்டில்தான் இறங்கினார்கள். இடதுபக்கத்தில் இடம் கிடைக்கவில்லை. பிஸ்கட் அக்காவின் பெண்ணும் பிழைத்துக்கொண்டாள். அதையும் அசரீரியின் கணக்கில்தான் அக்கா எழுதி வைத்திருக்கிறாள். பம்பரம் இப்போது மறுத்துப் பேசுவதில்லை. ஒத்துக்கொள்வதும் இல்லை. "ஏதோ ஒரு குரல்" என்று சொல்லிவிட்டு, கையில் கிடைத்ததைத் திருகப் போய்விடுகிறார்.

வேண்டுதல் விஷயம் மட்டும் இழுபறியில் நிற்கிறது. நெஞ்சில் பையனோடு உட்கார்ந்தது ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவோ மேல், நர்ஸே சாட்சி, ஆகவே கடன் தீர்ந்தது என்பது அவர் கட்சி.

"அது உங்க புள்ளைக்காக உட்கார்ந்தது. யாரா இருந்தாலும் உட்காருவாங்க" என்கிறாள் மனைவி. "நான் சொன்னது சும்மா உட்கார்றது. நெஞ்சுல எதுவும் இல்லாம."

அதனால் அந்தப் பக்கம் வேலை வரும்போதெல்லாம் அவர் பிரார்த்தனை அறைக்குள் நுழைகிறார். வெள்ளைச் சுவர் அப்படியே இருக்கிறது. போன வாரம் பாதிக்கு மேல் தாண்டிவிட்டாராம். அப்போது வெளியே யாரோ லிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கும் சத்தம் கேட்டதாம். மாலையில் வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து, பையனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த மனைவி, "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டாள்.

"பாதி" என்றார் பம்பரம், கதவின் கீலை ஆட்டிப் பார்த்தபடி.

"பாதியெல்லாம் கிடையாது. முதல்லேர்ந்து."